காலை நாலு பதினாறுக்கு ஆபீசுக்கு வந்தவள்

என் நாற்காலியில் இப்போது மாறி மாறி உட்காரும் இரண்டு பேருக்கும் இதை எழுதுகிறேன். அந்த நாற்காலியின் இடது கை ஆடும். அதற்கு நான் பொறுப்பல்ல. நான் வேலைக்குச் சேர்ந்தபோதே அப்படித்தான் ஆடிக்கொண்டிருந்தது.

போன வாரம் வாட்ஸப்பில் ஒரு போட்டோ அனுப்பியிருந்தீர்கள். மானிட்டரைச் சாய்வாகப் பிடித்து எடுத்த போட்டோ. நடுவில் சர்வர் லாக் ஃபைலிலிருந்து ஒரே ஒரு வரி, அதிலும் பாதி. மீதி இடமெல்லாம் டியூப்லைட்டின் வெளிச்சமும் யாரோ ஒருவருடைய கட்டைவிரலும். கீழே ஒரு கேள்வி: "மேடம், எர்ரர் வருது. இன்னா பண்றது?" அதற்கு மேலே இருந்த வரியெல்லாம் எங்கே என்று கேட்டேன். "அது எதுக்குன்னு கட் பண்ணிட்டோம் மேடம்" என்று பதில் வந்தது, கூடவே ஒரு சிரிப்புப் பொம்மை.

திட்டப்போவதில்லை, பயப்படாதீர்கள். வெட்டுவதில் நான் உங்கள் இருவருக்கும் மூத்தவள். நான் ஒரு தடவை வெட்டிய வெட்டில் ஒரு மனிதரின் வேலை போகப் பார்த்தது. அந்தக் கதையை இதுவரை உங்களிடம் சொன்னதில்லை. ஆபீசில் வேறு யாராவது மசாலா சேர்த்துச் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

அப்போது நான் ஓய்வு பெற ஒன்றேகால் வருஷம் பாக்கி இருந்தது. நம் நெசவாளர் சங்கத்தில் கம்ப்யூட்டர் என்றால் நான் ஒருத்திதான். தாமலிலிருந்து பஸ் பிடித்து வந்து, சாப்பாட்டுப் பையை மேஜைக்கு அடியில் வைத்துவிட்டு, சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது தினமும் என் முதல் வேலை. சேலை டிசைன்கள் அத்தனையும் அதில்தான் இருந்தன. டிசைனர்கள் கரை, உடல், முந்தானை என்று திரையில் வரைந்து அதில் சேர்ப்பார்கள். எந்தத் தறிக்கு எது வேண்டுமோ, அதை அங்கிருந்து எடுத்துக் கொடுப்போம். யார் எப்போது நுழைந்தார்கள், எதைத் திறந்தார்கள், எதை அழித்தார்கள் என்பதைச் சர்வர் தானாகவே வரி வரியாக எழுதிக்கொண்டு போகும். அந்த லாக் எனக்குத் தலைகீழ்ப் பாடம் என்று எல்லாரும் நம்பினார்கள். நானும் நம்பினேன். உண்மையில் அதன் கடைசிப் பத்து வரிக்கு மேல் நான் படித்ததே இல்லை.

டிசைனர்களில் மூத்தவர் குமரேசன். பிள்ளையார்பாளையத்துக்காரர், முப்பத்தைந்து வயது இருக்கும். வீட்டில் அவர் மனைவி தறியில் உட்காருவார், இவர் இங்கே கம்ப்யூட்டரில். வேலையில் சுத்தம். வாய் மட்டும் கொஞ்சம் காரம்.

ஒரு திங்கட்கிழமை, பெரிய கண்காட்சி ஒன்றுக்கு மூன்று டிசைன்களைத் தேர்ந்தெடுத்திருப்பதாகச் செயலாளர் அறிவித்தார். மூன்றில் ஒன்றுகூடக் குமரேசனுடையது இல்லை. கூடத்தில் எல்லாருக்கும் கேட்கும்படி அவர் சொன்னார்:

"எட்டு வருசமா வரைஞ்சிக்கினு இருக்கறேன் சார். ஒண்ணு கூடவா தேறல? அப்ப என் டிசைன் எல்லாத்தையும் சர்வர்ல இருந்து எடுத்துடுங்க. எதுக்கு எடத்த அடைச்சிக்கினு?"

செயலாளர் நல்ல மனிதர். மறுநாள் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு, ஒரு மாதிரிச் சேலை தறியில் எப்படி வருகிறது என்று பார்க்கவேண்டும் என்று சாக்குச் சொல்லி, குமரேசனைத் தன் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு பிள்ளையார்பாளையம் போனார். கோபத்தைத் தணிக்கத்தான். அது தணிந்ததா இல்லையா என்று தெரிவதற்குள் புதன்கிழமை வந்துவிட்டது.

புதன் காலை இன்னொரு டிசைனர் பழைய கரை ஒன்றைத் தேடியிருக்கிறார். இல்லை. இன்னொன்றைத் தேடினார். அதுவும் இல்லை. எண்ணிப் பார்த்ததில் நாற்பத்தொரு டிசைன்கள் சர்வரில் காணவில்லை. நாற்பத்தொன்றும் குமரேசன் வரைந்தவை. மற்றவர்களுடையதில் ஒரு பூ, ஒரு மயில்கூடக் குறையவில்லை. நகல் எங்கே என்று கேட்பீர்கள். நகல் வைக்கும் டிஸ்க் பழுதாகிச் சென்னைக்குப் போயிருந்தது. இதற்கு மேல் அதைப் பற்றிக் கேட்காதீர்கள்.

செயலாளர் என்னைக் கூப்பிட்டார். நான் லாகைத் திறந்து 'அழிப்பு' என்று தேடினேன். வந்து கொட்டியது. பயனர் குமரேசன், செவ்வாய்க்கிழமை, பதினொன்று பத்து, டிசைன் இறக்கப்பட்டது, டிசைன் அழிக்கப்பட்டது. நாற்பத்தொரு தடவை. பதினொன்று பத்து என்பது ஆபீசில் டீ நேரம். எல்லாரும் வாசலில் டீ குடித்துக்கொண்டிருக்க, ஆளில்லாத அறையில் ஒருவர் தன் டிசைன்களை எடுத்துக்கொண்டு சர்வரைத் துடைத்துவிட்டார். எனக்கு ஒரு துப்பறியும் நிபுணரின் புல்லரிப்பு வந்தது.

பிரிண்ட் எடுத்தேன். வரிகள் நீளமாக இருந்ததால் தாளில் அடங்காமல் மடங்கி மடங்கி விழுந்தன. பார்க்க அசிங்கமாக இருந்தது. அதனால், எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து கட்டளை வந்தது என்று காட்டும் முகவரிப் பத்தியை வெட்டினேன். வெட்டியதும் அழகாக ஒரே வரியில் உட்கார்ந்தது. அதன்மேல் மஞ்சள் பேனாவால் கோடு வேறு போட்டேன்.

செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். "இவ்ளோ தெளிவா இருக்குதேம்மா."

"லாக் பொய் சொல்லாது சார்" என்றேன்.

அந்த வாக்கியத்தை நான் சொன்ன தோரணையை நினைத்தால் இன்றைக்கும் பஸ்ஸில் தனியாகத் தலையில் அடித்துக்கொள்கிறேன்.

குமரேசனைக் கூப்பிட்டார்கள். தாளைப் பார்த்தவர் முகம் வெளுத்தது.

"நான் தொடவே இல்ல சார். செவ்வாக்கெழம மத்தியானம் ரெண்டு மணிக்குக் கூட அதுல ஒரு யாளிக் கரையத் தொறந்து பாத்தனே. பதினொண்ணு பத்துக்கே அழிச்சிருந்தா ரெண்டு மணிக்கு எப்பிடி சார் தொறக்கும்?"

நல்ல கேள்வி. அதை அப்போதே லாகில் தேடிப் பார்த்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். நான் தேடவில்லை. "மாட்டிக்கினவங்க எல்லாரும் இப்படித்தான்பா சொல்வாங்க" என்றேன். முகத்துக்கு நேராகச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. தெரியாத ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

மெமோ கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு நிர்வாகக் குழு கூடி முடிவெடுக்கும். அதுவரை அவர் கம்ப்யூட்டரைத் தொடக்கூடாது. வியாழக்கிழமை முழுவதும் கூடத்து மூலையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அதே தினசரியைத் திருப்பித் திருப்பிப் படித்தார். சங்கத்துக்கு நூல் வாங்க வந்தவர்கள், சேலை கொடுக்க வந்தவர்கள் எல்லாரும் அவரைப் பார்த்துக்கொண்டே போனார்கள். காரணம் என்ன என்று நம் வாட்ச்மேனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு போனார்கள். நானோ, இனி ஒரு ஈ நுழைந்தாலும் தெரியவேண்டும் என்று, எல்லாவற்றையும் விலாவாரியாக எழுதும்படி லாகை மாற்றி வைத்தேன். கடமை உணர்ச்சி.

வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்குக் குமரேசன் என் மேஜைக்கு வந்தார்.

"மேடம், மூணு மணிக்கு என் வேல போவப் போவுது. அதுக்கு முன்னால ஒரு தபா அந்த லாக எனக்குக் காட்டுவீங்களா? பேப்பர்ல இல்ல, அதுலயே."

மறுக்க முகமில்லை. திறந்து காட்டினேன். அவர் பெயர் திரையில் வரிசையாக நின்றது. கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கேட்டார்:

"எல்லார் பேரும் இதுல வருமா?"

"எல்லாரும் வருவாங்க. நான் கூடத்தான்."

"நீங்க எங்க கீறீங்க? காட்டுங்க பாக்கலாம்."

என் பெயரைத் தேடினேன். செவ்வாய்க்கிழமை முதல் வரி வந்தது. நான் உள்ளே நுழைந்த நேரம் நாலு பதினாறு.

அவர் குனிந்து பார்த்தார். "சாயங்காலமா?"

"இல்ல, இது இருபத்திநாலு மணிக் கணக்கு. காலையில நாலு பதினாறு."

"காலைல நாலு பதினாறுக்கே ஆபீசுக்கு வந்துட்டீங்களா மேடம்? தாமல்ல இருந்து பஸ்ஸே கெடையாதே!"

அவர் கிண்டல் செய்யவில்லை. உண்மையாகவே கேட்டார். புதன்கிழமையைப் பார்த்தேன்: நாலு பதினெட்டு. வியாழன்: நாலு பதினைந்து. தினமும் ஒன்பதே முக்காலுக்கு வருகிறவள், லாகில் தினமும் விடிவதற்கு முன்பே வந்திருக்கிறேன். ஐந்தரை மணி நேர வித்தியாசம்.

புது சர்வரை மூன்று மாதத்துக்கு முன்பு வெளியாட்கள் வந்து பொருத்திவிட்டுப் போனார்கள். அதன் கடிகாரத்தை, நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடும் உலகப் பொது நேரத்திலேயே விட்டிருக்கிறார்கள். டிசைனர்கள் பார்க்கும் திரையில் அது நம் ஊர் நேரமாக மாறித் தெரியும். லாகுக்குள் மாறாது. மூன்று மாதமாக நான் அதைக் கவனிக்கவில்லை.

"அப்ப பதினொண்ணு பத்துன்னா?" என்றார் குமரேசன்.

விரல் விட்டு எண்ணினேன். "சாயங்காலம் நாலு நாப்பது."

அவர் துள்ளியே விட்டார். "நாலு நாப்பதுக்கு நான் சார் கூட எங்க தெருவுல இருந்தேன் மேடம்! சார் பன்னீர் சோடா குடிச்சிக்கினு இருந்தாரு! அவருக்கு நான்தான் வாங்கியாந்தேன்!"

கலெக்டர் ஆபீசுக்குப் போயிருந்த செயலாளர் திரும்ப மதியம் ஆகும். குமரேசன் மனைவிக்கு போன் பண்ண வெளியே ஓடினார். நான் தனியாகத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்படியானால் அழித்தது யார்?

அப்போதுதான், என் வாழ்நாளில் முதல்முறையாக என்றே சொல்லலாம், ஒரு லாக் வரியை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படித்தேன். நான் வெட்டிப் போட்ட முகவரிப் பத்தி அங்கே இருந்தது. அதில் எந்த டிசைனரின் கம்ப்யூட்டரும் இல்லை. சர்வர் தனக்குத்தானே கட்டளை கொடுத்துக்கொள்ளும்போது எழுதும் முகவரி இருந்தது. நாற்பத்தொரு டிசைன்களும் மூன்றே நொடியில் போயிருந்தன. மூன்று நொடியில் மனிதனால் தும்ம முடியும். நாற்பத்தொரு டிசைனை அழிக்க முடியாது. அழிப்புக்கு மேலே இருந்த வரியையும் படித்தேன். 'பழைய டிசைன் ஒதுக்கும் வேலை தொடங்கியது.'

அந்த வேலையை எழுதி வைத்தது நான்.

புது சர்வர் வந்த வாரம், தொண்ணூறு நாளாகத் திருத்தப்படாத டிசைன்களைச் சுருக்கி வேறொரு ஃபோல்டருக்கு மாற்றும்படி ஒரு தானியங்கி வேலை போட்டிருந்தேன். எல்லாரும் டீ குடிக்கப் போகும் பதினொன்று பத்துக்கு ஓடட்டும் என்று நேரமும் நானே வைத்தேன். அன்றைக்கு என் பெயரில் அது ஓடவில்லை. பக்கத்தில் நின்ற குமரேசனிடம், "உன் பாஸ்வேர்டக் கொஞ்சம் போடுப்பா, அப்புறம் மாத்திக்கலாம்" என்றேன். அவரும் நம்பிப் போட்டார். அதனால் அந்த வேலைக்கு அவர் டிசைன்களை மட்டும் தொட அனுமதி இருந்தது. 'அப்புறம்' வரவேயில்லை. பழைய டிசைன்களெல்லாம் ஒரே நாளில் புது சர்வருக்கு வந்தவை. ஆகவே எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் தொண்ணூறு முடிந்தது. அது இந்தச் செவ்வாய்க்கிழமை.

நான் பார்க்காத அந்த ஃபோல்டரைத் திறந்தேன். நாற்பத்தொன்றும் அங்கே பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருந்தன.

இப்போது சொல்லப்போவதுதான் சொல்லக் கூசுகிற பகுதி. லாக் ஃபைல்கள் ஐந்துதான் வைத்திருப்போம். ஒன்று நிரம்பினால் கடைசியிலிருப்பது தானாக அழிந்துவிடும். வியாழக்கிழமை நான் கடமை உணர்ச்சியில் விலாவாரியாக எழுதச் சொன்னதால் ஃபைல்கள் மளமளவென்று நிரம்பிக்கொண்டிருந்தன. செவ்வாய்க்கிழமையின் லாக் ஐந்தாவதில் இருந்தது. இன்னும் அரை மணி நேரத்தில் அது போய்விடும். நான் எதையும் அழிக்க வேண்டியதில்லை. சும்மா உட்கார்ந்திருந்தால் போதும்.

பன்னீர் சோடா குமரேசனைக் காப்பாற்றிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டிசைன்களை மெதுவாகத் திரும்ப வைத்துவிட்டு, ஏதோ வைரஸ் என்று சொல்லிவிடலாம். ஒன்றேகால் வருஷத்தில் மாலை போட்டு அனுப்பிவிடுவார்கள். ஆனால் செயலாளர் என்ன நினைப்பார் என்பதும் தெரிந்தது. இவன் வெளியே இருந்தான், சரி. பாஸ்வேர்டை வேறு யாரிடமாவது கொடுத்து அழிக்கச் சொல்லியிருப்பான். அந்தச் சந்தேகம் குமரேசன் வேலையில் இருக்கும்வரை கூடவே வரும்.

அந்த ஃபைலை வேறு இடத்துக்கு நகலெடுத்தேன். நகலெடுக்க நாலு நொடிகூட ஆகவில்லை. அதற்கு முன்னால் இருபது நிமிடம் யோசித்தேன். அந்த இருபது நிமிடத்தை இங்கே எழுதாமல் விட்டால், மறுபடியும் அழகுக்காகப் பத்தியை வெட்டியவள் ஆவேன்.

செயலாளர் வந்ததும் சொன்னேன். நின்றுகொண்டுதான் சொன்னேன். அவர் மெமோவின் நகலை எடுத்துப் பார்த்தார். "ஏம்மா, நானே அவன் பக்கத்துல உக்காந்து சோடா குடிச்சிருக்கேன். அந்த நேரத்துக்குத்தான் அவனுக்கு மெமோ குடுத்திருக்கேனா?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "மெமோவைக் கிழிச்சிடலாம். கமிட்டில தொழில்நுட்பக் கோளாறுன்னு சொல்லி முடிச்சிடலாம். உங்களுக்கும் நல்லது" என்றார்.

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அந்த வழி எனக்கும் இனித்தது. "கோளாறு சர்வர்ல இல்ல சார், என்கிட்ட. கிழிக்க வேணாம். என் கடிதத்தையும் சேத்து ஃபைல்ல வைங்க" என்றேன்.

மூன்று மணிக்கு நிர்வாகக் குழு முன்னால் முழு வரிகளோடு பிரிண்ட் வைத்தேன். தாளில் மடங்கி மடங்கி அசிங்கமாகத்தான் விழுந்திருந்தது. உலக நேரம், தானியங்கி வேலை, தொண்ணூறு நாள் என்று விளக்கினேன். குழுவில் வயதான நெசவாளர் ஒருவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"எனக்கு அதெல்லாம் புரியலமா. டிசைன எடுத்து ஒளிச்சி வெச்சது யாரு?"

"நான்தாங்க."

"கம்ப்யூட்டரப் பாத்துக்கறது யாரு?"

"அதுவும் நான்தாங்க."

"நல்லாதான் பாத்துக்கினு இருக்கற போ!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரிக்க முயன்றேன். குமரேசன் சிரிக்கவில்லை. மெமோவின் மேல் செயலாளர் 'ரத்து' என்று எழுதிக் கையெழுத்துப் போடும்வரை அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. நியாயம்தான். சாயங்காலம் தன் சைக்கிளை எடுக்கும்போது குமரேசன் என்னிடம் வந்தார். நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்தேன் பாருங்கள், அதுதான் என் கொழுப்பு.

"ஆபீஸ்ல முடிஞ்சிது மேடம். எங்க தெருவுல?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

சனிக்கிழமை காலை பிள்ளையார்பாளையம் போனேன். பஸ் நிறுத்தத்திலிருந்து நடந்தேன். இரண்டு பக்கமும் வீடுகளுக்குள்ளிருந்து தறிச் சத்தம். குமரேசன் வீட்டில் அவர் மனைவி செல்வி தறியில் இருந்தார். என்னைப் பார்த்ததும் தலையசைத்தார். கை நிற்கவில்லை. வாசல்படியோரம் நின்றே விஷயத்தைச் சொன்னேன். தப்பு என்னுடையது, குமரேசன்மேல் ஒரு குற்றமும் இல்லை என்றேன்.

"அவுரு நேத்தே சொன்னாரு" என்றார் செல்வி. "எனக்குத் தெரியாதா மேடம், அவுரப் பத்தி? மூணு நாளா கொழாய்க்குத் தண்ணி புடிக்கப் போனா பேச்சு நின்னுடுது. டிசைனத் திருடிட்டான்றாங்க, வித்துட்டான்றாங்க. எனக்குச் சொல்லி இன்னா ஆவப் போவுது?"

"நான் வேணா அவங்ககிட்ட..."

"சொல்லுங்க. உள்ள நின்னுக்கினு இல்ல. வெளிய போயி, கொஞ்சம் சத்தமா. தறிச் சத்தத்துல எதிர்வூட்டுக்குக் கேக்காது."

மீட்டிங்கில் பேசியிருக்கிறேன், பயிற்சி வகுப்பு எடுத்திருக்கிறேன். தெருவில் நின்று, கையில் பையோடு, "நான்தான் தப்பு பண்ணேன்" என்று கத்தியதில்லை. குழாயடியில் ஐந்தாறு பெண்கள் இருந்தார்கள். முதல் தடவை குரல் எழும்பவில்லை. இரண்டாவது தடவை எழும்பியது. சங்கத்துக் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்கிறவள் நான், டிசைன் எதுவும் திருடு போகவில்லை, நான் வைத்த இடத்தை நானே மறந்துவிட்டுக் குமரேசன்மேல் பழி போட்டுவிட்டேன் என்று சொன்னேன். இரண்டு வீட்டில் தறி நின்றது. எதிர் வீட்டு அம்மா குடத்தோடு வாசலுக்கு வந்து, மறுபடி ஒரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன்.

கேட்டு முடித்துவிட்டு அவர் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டார். "அதான! நாங்க அப்பவே சொன்னோம், அந்தப் புள்ள அப்பிடிப் பண்ற ஆளே இல்லன்னு!" என்றார், தெரு முழுக்கக் கேட்கும்படி.

உள்ளே தறிக்குப் பின்னாலிருந்து செல்வி சிரிக்கும் சத்தம் கேட்டது.